கல் இல்லாத எல்லை

நவம்பர் 6, புதன்

பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவில் இன்று 'எல்லை' தொடங்கினேன். வரைபடத்தைப் பார்த்தே எல்லை மதிப்பைச் சொல்வது எனக்கு மிகப் பிடித்த பாடம். சூத்திரம் இல்லை, கண் இருந்தால் போதும். அப்படி நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன்.

கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்தேன். x இரண்டாக இருக்கும் இடத்தில் மட்டும் கோட்டின் மேல் ஒரு வெற்று வட்டம். அந்த ஒரு புள்ளியில் மதிப்பு இல்லை என்று பொருள். ஆனால் இடப்பக்கமிருந்து வந்தாலும் வலப்பக்கமிருந்து வந்தாலும் கோடு மூன்று என்ற உயரத்தை நோக்கியே வருகிறது. ஆகவே எல்லை மூன்று.

முப்பத்தெட்டுப் பெண்களில் முப்பது பேர் 'எல்லை இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது பெஞ்சு தாட்சாயிணியை எழுப்பிக் கேட்டேன். மாங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"அங்க ஒண்ணுமே இல்லியே மிஸ். அப்பறம் இன்னா எல்லை?"

"பக்கத்துல வரும்போது எங்க போகுதுன்னு பாரு."

"பக்கத்துல வந்தா பக்கம்தான மிஸ்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம்.

நவம்பர் 7, வியாழன்

தலைமையாசிரியை மங்களம் மேடம் மதியம் கூப்பிட்டார். மேஜையில் தாட்சாயிணியின் மதிப்பெண்கள். ஐம்பதுக்குப் பதினொன்று. அடுத்ததில் ஒன்பது.

"கணக்குப் பிரிவுல வச்சிருந்தா பன்னிரண்டாவதுல முழுசாப் போயிடும்மா. தொழிற்பிரிவுக்கு மாத்திடலாம். இருபத்திரண்டாம் தேதி டெஸ்ட்ல பதினெட்டு வாங்கட்டும், பார்க்கலாம். வாங்கலன்னா இந்தப் படிவத்த அன்னிக்கே குடுத்துடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டு வச்சுக்குங்க, அப்புறம் உங்களுக்கு மனசு வராது."

போட்டேன். 'பாட ஆசிரியர் பரிந்துரை' என்ற இடத்தில் என் பெயர்.

மாலை அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, "கணக்கு எனக்குப் புடிக்கும் மிஸ். அதுக்குத்தான் என்னப் புடிக்கல" என்றாள்.

ஏன் போட்டேன்? பதினைஞ்சு நாள் இருக்குல்ல. முதல்லயே ஏன்டீ போட்ட?

நவம்பர் 10, ஞாயிறு

மழை. ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டின் பால்கனிக் கம்பியில் துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை. என்னோடு தங்கியிருக்கும் தோழி சபீனா லேப்டாப்பை மூடிவிட்டு நான் வரைந்து தள்ளிய தாள்களைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் ஓட்டை போட்ட கோடுதானா? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு பாப்போம்."

சொன்னேன். அவள் பொறியியல் படித்தவள், நொடியில் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்கு இது ஏன் புரியல?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை. படிவத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. எதையும் சொல்வதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கும் பழக்கம். எழுதிவிட்டால் பிறகு சொல்லத் தோன்றுவதும் இல்லை.

அகராதியைப் புரட்டினேன். பழந்தமிழில் எல்லை என்றால் பகல், சூரியன். எத்தனையோ முறை கடந்துபோன சொல்லுக்குள் இவ்வளவு வெளிச்சம்! ஆனால் மூன்றாவது பெஞ்சுக்கு அது உதவாது.

நவம்பர் 12, செவ்வாய்

மழை விடுமுறை. பையில் படிவம் நனைந்திருக்குமோ என்று பார்த்தேன். நனையவில்லை. நனைந்திருக்கலாம்.

நவம்பர் 14, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் தாட்சாயிணியை உட்காரவைத்து, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எல்லைன்னா உனக்கு என்ன?" என்று மட்டும் கேட்டேன். இந்தக் கேள்வியை ஆறாம் தேதியே கேட்டிருக்க வேண்டும்.

"கல்லு மிஸ்."

"கல்லா?"

"எல்லைக்கல்லு. எங்க நிலத்துக்கு மூணு கல்லு. நடுக்கல்ல, பக்கத்துல பிளாட்டு போட்டவங்களோட ஜேசிபி வாரிகினு போயிடுச்சி. இப்ப கல்லு இல்ல, அதனால எல்லையே இல்லன்றாங்க. எங்கப்பா பேர் வேம்புலி மிஸ், ஊர்ல கேட்டுப் பாருங்க, ஒரு வருசமா அதே பேச்சுதான் ஊட்ல. கல்லு இல்லன்னா எல்லை இல்ல." கரும்பலகையில் மிச்சமிருந்த வெற்று வட்டத்தைக் காட்டினாள். "இங்க மட்டும் எப்டி கீதுன்றீங்க?"

பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். எல்லாம் இந்தப் பக்கத்துப் பழைய ஊர்ப் பெண்கள்.

இவர்களுக்குப் புரியவில்லை என்று நான் எழுதிவைத்திருந்தேன். இவர்களுக்கு எல்லை என்றால் ஊன்றியது, தொட்டுப் பார்க்கக் கூடியது, பிடுங்கினால் வழக்காகும் ஒன்று. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என் வரைபடத்தைப் பார்த்தால் 'இல்லை' என்பதுதான் நேர்மையான விடை.

சனிக்கிழமை சர்வேயர் வருகிறாராம். எனக்கு இன்னும் எட்டு நாள்.

நவம்பர் 18, திங்கள்

இதை முழுதாக எழுதிவைக்க வேண்டும், ஒரு சொல் விடாமல்.

முதல் பீரியட். வருகைப்பதிவு எடுக்கும் முன்பே தாட்சாயிணி எழுந்து நின்றாள். "மிஸ், போர்டுல அந்தப் படம் போடுங்க. ஓட்டை போட்டது."

"ஏய், மிஸ்ஸுக்கே ஆர்டரா?" என்றாள் முதல் பெஞ்சு வர்ஷா. நான் வரைந்தேன். தாட்சாயிணி வந்து சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சனிக்கிழம சர்வேயர் வந்தாரு மிஸ். நிலத்துப் படத்த விரிச்சாரு. கிழக்குக் கல்லுலேர்ந்து டேப்பு புடிச்சிகினு வந்து ஒரு குச்சி நட்டாரு. அப்பறம் அந்தாண்ட போயி மேற்குக் கல்லுலேர்ந்து புடிச்சிகினு வந்தாரு. ரெண்டாவது குச்சி நட எடமே இல்ல மிஸ்! முதல் குச்சி மேலயே வந்து முட்டிச்சி. எங்கப்பா அப்டியே உக்காந்துட்டாரு. தோண்டிப் பாத்தா கல்லு இல்ல, வெறும் குழி. ஆனா இதான் எல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு."

பிறகு தன் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் வளைகோட்டின் இரு முனைகளில் வைத்து உள்நோக்கி நகர்த்தினாள். வெற்று வட்டத்தின் இரு ஓரங்களிலும் விரல்கள் வந்து நின்றன. உள்ளே போகவில்லை. நான் சொல்லித்தராதது அது.

"கல்லு இல்ல மிஸ். எல்லை கீது. மூணு."

தெருவில் போன பஸ்ஸின் ஹாரன் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. பெரிய மூளைகள் தலைமுறை தலைமுறையாகத் தடுமாறி வந்து சேர்ந்த இடம் இது: புள்ளியில் என்ன இருக்கிறது என்று கேட்காதே, இருபுறமும் எதை நெருங்குகிறது என்று கேள். ஒரு டேப்போடு, ஈர மண்ணில் நின்று, இவள் அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.

அடுத்த படம் போட்டேன். எல்லை மூன்றுதான், ஆனால் புள்ளி மட்டும் மேலே ஐந்தில் தனியாக. வாயைத் திறப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து குரல்: "எவனோ கல்ல நகத்தி வச்சிட்டான் மிஸ்! எல்லை மாறாது!"

அதற்கடுத்தது: இடப்பக்கக் கோடு ஒன்றுக்கும் வலப்பக்கக் கோடு நான்குக்கும் போகும் படம். தாட்சாயிணி இரண்டு விரல்களையும் நகர்த்தினாள். அவை சந்திக்கவில்லை.

"இது பங்காளிச் சண்ட மிஸ். ஆளுக்கொரு எடம் காட்றாங்க. இதுக்குத்தான் எல்லை இல்ல."

"சர்வேயரம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்கடீ!" என்று வர்ஷா மேஜையைத் தட்டினாள். மொத்த வகுப்பும் தட்டியது. பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை.

நான்கு வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இன்றுதான் பார்த்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

தேர்வு நடந்தது. அவள் கடைசி மணி வரை எழுதினாள். விடைத்தாள் கட்டைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது. எனக்கு!

நவம்பர் 25, திங்கள்

இருபத்தாறு. நான் இரண்டு முறை கூட்டினேன். பிறகு சபீனாவிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். "லாட்டரியாடீ இது?" என்றாள். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்து உட்பட. "படிவத்த மொதல்ல கிழிச்சிட்டு மீதிக் கதையச் சொல்லு" என்றாள்.

சூத்திரம் போட்டு எல்லை காணும் கணக்குகளில் இன்னும் சறுக்குகிறாள். வரைபட வினாக்கள் ஏழும் முழுதாகச் சரி.

மங்களம் மேடம் தாளைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். "'பங்காளிங்க ஒத்துப்போகல'ன்னு எழுதியிருக்கா. இதுக்கு மார்க்கா?"

"அத அடிச்சிருக்கா மேடம். கீழ பாருங்க."

கீழே, சீரான கையெழுத்தில்: இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் சமமில்லை. எனவே எல்லை இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். உதட்டோரம் சிரிப்பு வந்ததைத் தாளால் மறைத்துக்கொண்டார். "படிவம் எங்க?"

"கிழிச்சிட்டேன் மேடம்."

"என்னைக் கேக்காமயா? சரி. போங்க, பெல் அடிச்சாச்சு."

அடுத்த பாடம் 'தொடர்ச்சி'. வெற்று வட்டம் இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில் புள்ளியை வைத்துவிட்டால் கோடு முழுதாகிவிடும். அவ்வளவுதான் பாடம்.

ஜூன் 3, செவ்வாய்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் புது வருகைப்பதிவேடு. கணக்குப் பிரிவு. அகரவரிசையில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினேழாவது பெயர்: வே. தாட்சாயிணி.

மாலை, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவள் பாதியில் திரும்பி வந்தாள். வயலுக்குக் கல் வந்துவிட்டதாம், லீவில் நட்டுவிட்டார்களாம்.

"எங்க நட்டாங்க?" என்றேன், தெரிந்துகொண்டேதான்.

"அதே குழிலதான் மிஸ்."