அழுதவளை அனுப்பினார்

பதுளை, உயிர்த்த ஞாயிறு, 1968

தங்கை ஸ்டெல்லாவின் மகள் ரீட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நமுனுகுல ஊரில் இருக்கும் உறவுகளுக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். ஸ்டெல்லா தடுத்தாள்.

“நீங்க இருங்கக்கா. நல்ல காரியத்துக்குச் சுமங்கலிங்க போறதுதான் முறை.”

“பூசைக்குப் போயிட்டு வந்த வாயா இது?”

“கோயில் வேற, ஊர் வாய் வேறக்கா.”

கெஞ்சிப் பழக்கமில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

காலையில் பூசையில் கேட்ட வசனத்தை இப்போது மறுபடியும் வாசித்தேன். கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மரியாளிடம்தான், தாம் உயிர்த்ததைப் போய்ச் சொல்லும்படி ஆண்டவர் சொன்னார். சிறுவயதில் கன்னியர் மடத்துப் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். அழுதவளையே அனுப்பினார் என்பது இன்றுதான் புரிந்தது.

ஒரு வீட்டு வாசலில் நின்று, “நம்ம ரீட்டாவுக்குக் கல்யாணம்” என்று வாய்நிறையச் சொல்ல ஆசையாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இருவருமாகப் போயிருப்போம். இப்போது, போ என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும்.