தபால் கந்தோருக்குப் போன தார்

நம்ம காளியாயியோட அப்பாவுக்கு,

தபால் கந்தோர்ல சிங்களம் மட்டும் எழுதின பலகைக்குத் தார் பூசினது நீங்கதான்னு லயத்துல எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சிருச்சு. நம்ம பாஷை இல்லாத பலகை, கோவம் எனக்கும்தான். ஆனா நம்ம கடுதாசி வர்ற இடமில்லையா அது? தோட்டத் தொழிலாளர் சங்கத்துல சொல்லிப் பேசியிருக்கலாம். "பேசிப் பேசி என்னத்தக் கண்டோம்?"னு கத்துவீங்க. வந்து சண்டை போட்டுக்கிறேன்.

பொலிஸ் விசாரிக்க வருதாம். உங்களுக்குக் காய்ச்சல்னு கங்காணிகிட்ட சொல்லிட்டேன். மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவிட்டு, கம்பளியைப் போத்திப் படுத்துக்கங்க. ரொட்டி அடுப்புகிட்ட இருக்கு. நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறேன்.

மறந்துட்டேன்: படுத்த இடத்துல தண்ணி சொட்டும், எந்திரிச்சிராதீங்க. கூரை ஓட்டையை அடைக்க நான் வாங்கி வச்ச தாரைத்தானே கொண்டுபோய்ப் பூசினீங்க? இனிமே அந்தப் பலகை எந்த மழைக்கும் ஒழுகாது.