மதர் ஆஞ்செலாவின் முழங்கால்

ஒக்டோபர் 13, திங்கள்

விடியவே மழை. கடுகண்ணாவைக்குப் போகும் பஸ்ஸில் போனைக் காதில் வைத்தபடி இத்தாலியன் பாடம். தெஸ்தா – தலை. கோலா – தொண்டை. தொஸ்ஸே – இருமல். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்தார். உட்காரட்டும்.

இடுப்பு உடைந்து ஒப்பரேஷன் ஆனதிலிருந்து மதர் ஆஞ்செலாவுக்கு வாயில் பிறந்த நாட்டு இத்தாலியன் மட்டும்தான். இத்தனை காலம் கண்டியில் பேசிய தமிழ், சிங்களம் எல்லாம் போச்சு. எங்கே வலிக்கிறது என்று கேட்கக்கூட மடத்தில் ஆளில்லை. பார்த்துக்கொள்கிறவள் நான். நான்தான் படிக்க வேண்டும்.

14, செவ்வாய்

கேட்டேவிட்டேன். "தோவே ஃபா மாலே?" எங்கே வலிக்கிறது?

என் முகத்தையே பார்த்தார். பிறகு தெளிவாக, "ஜினோக்கியோ."

முழங்கால்! தெரிந்த சொல்! மடத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் மெற்றில்டாவிடம் ஓடினேன்.

"வடிவாக் கேட்டீரோ ஜெசிந்தா?"

"நல்லா கேட்டேன் சிஸ்டர். முழங்கால்தான்."

இரண்டு காலுக்கும் தைலம்.

16, வியாழன்

கண்டியில் எக்ஸ்ரே. முழங்காலில் ஒன்றுமில்லையாம். இடுப்புதான் கவனம், இன்னொரு தடவை விழக்கூடாது என்றார் டாக்டர். திரும்பும் வழியெல்லாம் மதர் அதே சொல், கண்ணில் தண்ணீர். சிஸ்டர் வெளியே பார்த்தபடி வந்தார். திட்டியிருக்கலாம்.

ஆனாலும் நான் கேட்டது சரி. அதில் சந்தேகமில்லை.

வாங்க: சவர்க்காரம், பருப்பு, குடைக்குக் கம்பி.

17, வெள்ளி

ஜெபமாலை மாதம். மாலை மணி அடித்ததும் மதர் கதிரையிலிருந்து நழுவி இறங்கப் பார்த்தார். பாய்ந்து பிடித்தேன். "இன் ஜினோக்கியோ!" கோபமாக.

அந்த 'இன்' முன்பும் இருந்ததோ? போனில் தேடினேன். முழந்தாளிட்டு.

வலியே இல்லை. முழந்தாளிட்டு ஜெபிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தைலம் தேய்த்திருக்கிறேன்.

சிஸ்டரிடம் சொன்னேன்.

"அந்த இடுப்போடயோ? விசரே உமக்கு? விழுந்தா ஆர் பொறுப்பு?"

"நான் புடிச்சுக்குவேன் சிஸ்டர்."

"ஏலாது."

18, சனி

பகல் முழுக்க யோசனை. ஆளைத் தூக்கி இறக்குவதுதானே என் வேலை. என் கையிலிருந்து இதுவரை யாரும் விழுந்ததில்லை.

மணி அடித்தது. தரையில் மெத்தை. மதரின் கைகள் என் கழுத்தில். மெல்ல, மெல்ல. முழங்கால் மெத்தையில் பட்டதும் ஒரு பெருமூச்சு. அவர் இத்தாலியனில், நான் தமிழில், அருள் நிறைந்த மரியே.

பாதியில் வாசலில் சிஸ்டர்.

"திட்டுறதுன்னா பொறகு திட்டுங்க சிஸ்டர். இப்ப கைய எடுக்க முடியாது."

சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபக்கம் முழந்தாளிட்டு, மதரின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜெபம் முடிந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக் கதிரையில் இருத்தினோம்.

"பின்னேர மணிக்கு மட்டும்தான். நாங்கள் ரெண்டு பேரும் இருந்தா மட்டும்தான். சரியோ?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

பதில் சொன்னது மதர். "சீ!"

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ சிஸ்டர், அது 'ஆமா'ன்னு அர்த்தம்."