பிரேக்கின் மேல் விழுந்த பழி

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள ரஞ்சனிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், தோட்டமும் சுகம். அந்தக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, கழுத்தை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நம்புகிறேன், அப்படி இல்லையென்றாலும் இருப்பதாகவே பதில் எழுது, படிக்கிற எனக்கு நிம்மதியாக இருக்கும். மலையில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, ஏலக்காய் எடுப்பு நடக்கிறது, ஆள் கிடைப்பதுதான் வழக்கம்போலப் பெரும்பாடு. உன் சிநேகிதி பவித்ரா தேனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், தினமும் ஸ்கூட்டியில் போகிறாள், ஹெல்மெட் போட்டுத்தான் போகிறாளாம், அதை உனக்கு எழுதச் சொல்லி என்னிடம் இரண்டு முறை சொன்னாள், அதனால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. நீ கேட்ட பருப்புப் பொடியையும் புது ஏலக்காயையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன், கடிதம் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். நீ போன் செய்தால் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார், வாட்சப்பில் எழுதலாம் என்றால் அவர் ஏலக்காய் ஏல விலை பார்ப்பது என் போனில்தான். ஆனால் காகிதத்தில் எழுதியது எதையும் அவர் தொடமாட்டார். கல்யாணமான புதிதில் நான் அவருக்கு எழுதிய கடிதங்களையே நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. எனவே இதில் உள்ளது நம் இருவருக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ "அந்த வண்டிய வித்தாத்தான்ப்பா இனிமே உங்ககூடப் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதிலிருந்து அவர் போனை எடுப்பதும் உன் படத்தைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். விற்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவர் திடீரென்று "விக்கல ஆத்தா" என்றால் உனக்குக் கோபம் வரத்தான் செய்யும். பிரேக் பிடிக்காத வண்டியில் அப்பாவும் அம்மாவும் மலை ஏறி இறங்குகிறார்கள் என்று எந்தப் பெண்ணுக்குத்தான் தூக்கம் வரும். ஆனால் ரஞ்சனி, அந்த வண்டிக்கு பிரேக் போகவே இல்லை. அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் நீல வண்டியைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. மதுரை டாக்டரிடமிருந்து வாங்கி ஒன்பது வருடம், அது பிறந்து பதினான்கு வருடம். வாங்கிவந்த அன்று தெருவே கூடி நின்று, இந்த ஐரோப்பாக்காரன் வண்டிக்கு இந்த ஊரில் ஒரு நட்டு கிடைக்குமா என்று கேட்டது. கிடைக்கவில்லைதான். மெக்கானிக் சுருளி இதற்காகவே நட்சத்திர வாய் வைத்த ஸ்பானர் செட் ஒன்றைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தான், ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது, அந்த ரோஸ் நிறத் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும் என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. எலி வயரைக் கடிக்காமலிருக்க இன்ஜின் பக்கத்தில் புகையிலை சொருகுகிறோம், அதனால் ஏசி போட்டால் முதல் ஐந்து நிமிடம் வண்டிக்குள் யாரோ வெற்றிலை போட்ட மாதிரி வாசனை வரும். வயசான வண்டி, செல்லம் கேட்கும், மஞ்சள் விளக்கை எரியவிட்டுப் பயமுறுத்தும். ஆனால் ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஊருக்குள் நான் ஓட்டுவேன், மலைக்கு அவர் ஜீப்பில் போவார், இதுதான் வழக்கம். அன்றைக்கு ஜீப் எஃப்.சி.க்கு நின்றுபோனதால் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே இருக்கிற நம் தோட்டத்துக்குப் போனோம். திரும்பும்போது பின்னால் நான்கு மூட்டை ஏலக்காய். அவர்தான் ஓட்டினார்.

ஜீப்காரர்களின் பழக்கம் உனக்கு நினைவிருக்கும், நீயே சின்ன வயதில் அதில் வந்திருக்கிறாய். உச்சியில் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டால் அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வரைக்கும் வண்டி தானாக உருண்டு வரும், ஒரு சொட்டு டீசல் வேண்டாம். அப்பா இருபது வருடமாக அப்படித்தான் இறங்குகிறார். அந்தப் பழைய ஜீப்பில் பிரேக் முழுக்கக் கால் பலம்தான், இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். இந்த வண்டியில் அப்படி இல்லை. இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பலம். அணைத்துவிட்டால் இரண்டு மிதி, மூன்று மிதி பிடிக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். வண்டியோடு வந்த தடிப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. அதை முழுதாக வாசித்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவள் என்று நீ கேலி செய்வாயே, அப்படி வாசித்ததுதான். வாசித்தேன், அவரிடம் சொல்லவில்லை. ஜீப்பில்தானே செய்கிறார் என்று விட்டுவிட்டேன். அன்று அவர் கை சாவிக்குப் போனதைப் பார்த்தேன், வாயைத் திறப்பதற்குள் "ஏத்தத்துல குடிச்சுச்சுல்ல, எறக்கத்துலயாவது பட்டினி கெடக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே திருகிவிட்டார்.

மூன்று வளைவு சுகமாகத்தான் இருந்தது, காற்றின் சத்தம் மட்டும். நான்காவது வளைவுக்கு முன்னால் அவர் மிதித்தார், பெடல் இறங்கவில்லை. ஸ்டியரிங் அம்மிக்கல்லைப் போலக் கனத்தது. "புடிக்கலடி, அருணா, புடிக்கல" என்றார், அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. கைபிரேக் எங்கள் இருவருக்கும் நடுவில்தானே இருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அவர் பெடல் மேல் எழுந்தே நின்றுவிட்டார். வண்டி மலைப் பக்கமாக ஒதுங்கி, ரோடு போடக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து ஒரு மூட்டை வந்து என் தோளில் தலை சாய்த்தது. வேறொன்றும் இல்லை, முன்பக்க பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் ரோட்டின் மறுபக்கம் வெறும் பனிதான் இருந்தது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியும்.

பின்னாலேயே ஜீப்காரர் ராக்கையா, தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் இறங்கி வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். சாவியைத் திருப்பி வைத்தேன், டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிந்தது. இன்ஜின் அணைத்து இறங்கியதாக யாருக்கும் தெரியக் கூடாது என்று என் கை தானாகச் செய்துவிட்டது. மலை முழுக்க அப்பாவை வைத்துச் சிரிப்பார்களே என்று தோன்றியது. ராக்கையா வந்து, "என்னண்ணே, வண்டி ஜல்லிக்கு முத்தம் குடுத்துக்கிட்டு நிக்குது? மதினிக்கு அடி ஒண்ணுமில்லயே?" என்றார். அப்பா விளக்கெரிகிற டேஷ்போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பிரேக்கு காலை வாரிருச்சு ராக்கையா, சீமை வண்டிக்கு நம்ம மலைய தாங்குற தெம்பு இல்ல" என்றார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, இது கல்யாண ஊர்வலத்துக்குத்தான் லாயக்குன்னு" என்றார் ராக்கையா. நாங்கள் முந்தல் வந்து சேர்வதற்குள் பிரேக் போன கதை டீக்கடைக்கு வந்து சேர்ந்து, எங்களுக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தது. அன்று சாயங்காலம் அதையேதான் அவர் உன்னிடமும் சொன்னார், நீ அழுதாய், வித்துருங்கப்பா என்றாய், அவரும் சரி என்றார்.

சுருளி பாவம். நான்கு சக்கரத்தையும் கழற்றி, ஆயிலை மாற்றி, இரண்டு நாள் பாடுபட்டான். "அண்ணே, சத்தியமாச் சொல்றேன், இந்த பிரேக்கு உங்கள விடத் தெம்பா இருக்கு" என்றான். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "அப்ப நான் பொய் சொல்றேனாடா?" என்றார். "நீங்க எதுக்குண்ணே பொய் சொல்றீங்க. வண்டி என்னமோ பிரேக்கு நல்லாருக்குன்னு சொல்லுது. ரெண்டு பேர்ல யார நம்புறதுன்னு தெரியாம எனக்குச் சோலி ஓட மாட்டேங்குது" என்றான். நான் வண்டியை எடுக்கப் போனபோது தனியாக வந்து, "மதினி, எறக்கத்துல இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?" என்று கேட்டான். டீ ஆறுது, வெரசா குடி என்றேன். அவன் டீயைக் குடித்தான், மேலே கேட்கவில்லை.

போன புதன்கிழமை தேவாரத்திலிருந்து வினோத்குமார் என்ற பையன் வண்டி பார்க்க வந்தான், பையன் என்கிறேன், முப்பத்தைந்து இருக்கும், மனைவியும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளும் கூடவே. சுருளிதான் கூட்டிவந்தான். பிள்ளைகள் பின் சீட்டில் ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒரே கூத்து. உன் அப்பா மறைத்து விற்கிற ஆள் இல்லையே, ஒரு தடவை மலையில் பிரேக் பிடிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வினோத்குமார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சுருளியண்ணன் பாத்துட்டார்ல, போதும்ணே. மேல எங்க மாமனார் தோட்டம், வாராவாரம் ஏறி எறங்கணும். ஏத்தத்துக்கு மட்டும் டீசல் ஊத்துனாப் போதும், எறக்கத்துக்குச் செலவே இல்ல. இப்ப மாமனார் ஜீப்புலயும் அப்படித்தான், உச்சியில ஆஃப் பண்ணுனேன்னா முந்தல்ல வந்துதான் சாவியத் தொடுவேன். சத்தமில்லாம வரும்போது பறக்குற மாதிரி இருக்காம், பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய சந்தோசம்" என்றான்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவாகவே திறந்தேன். அதற்குள் உன் அப்பா பின் கதவுப் பக்கம் போய், கண்ணாடி இறங்கியிருந்த ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபடியே, "வினோத்து, பிரேக்கு போகலப்பா. நான்தான் ஆஃப் பண்ணுனேன்" என்றார். பிள்ளைகள் அவர் கைக்குப் பக்கத்தில் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். "இந்த வண்டியில அது ஆகாது. எந்த வண்டியிலயும் ஆகாதுன்னு வச்சுக்கயேன், ஜீப்புல நான் இத்தன வருசம் தப்பிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், அம்புட்டுத்தான்" என்றார். சுருளிதான் முதலில் வாயைத் திறந்தான், "அண்ணே, என்னய நாலு சக்கரத்தையும் கழட்ட வச்சீங்களேண்ணே" என்றான், எல்லோரும் சிரித்துவிட்டோம், அப்பாவும்தான். வினோத்குமார் குஷியாகி, அப்படியானால் வண்டி நல்ல வண்டிதானே, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றான். "கொற இருக்குன்னுதான் விக்க வந்தேன். கொற அதுகிட்ட இல்லையே, எதுக்கு விக்கணும்?" என்றார் அப்பா. பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த வண்டியையும் அணைத்து இறங்க மாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். அந்தச் சின்னப் பெண்கள் வண்டியை விட்டு இறங்க மாட்டோம் என்று அழுததுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது இன்ஜினை ஓடவிட்டுத்தான் இறங்குகிறார், வளைவுக்கு வளைவு "பாத்துக்க, ஓடுது" என்று எனக்கு அறிவிப்பு வேறு. சாப்பாடு முடிந்ததும் அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, என்னைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கிறார், டயர் காற்று அளவு பற்றிய பக்கத்தோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார். வினோத்குமாரிடம் சொல்லிவிட்டார், சுருளிக்குத் தெரிந்துவிட்டது, ராக்கையா வரைக்கும் போய்விட்டது, போடிமெட்டு ஜீப் ஸ்டாண்டில் அவர்களும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். உன்னிடம் மட்டும்தான் அவரால் சொல்ல முடியவில்லை. நீ அன்று போனில் அழுத அழுகை அவருக்குள் அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணம் வண்டி என்று இருந்தவரைக்கும் அவரால் தாங்க முடிந்தது. நேற்று காலை வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் நான் ஜன்னலோரம் நிற்பது தெரியாமல், "ஆத்தா, அன்னைக்கு அப்பா ஒன்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல" என்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அதனால் நீ போன் செய். பார்சல் கைக்கு வந்ததும் செய், பொடி நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவரைக் கூப்பிடு, வண்டிப் பேச்சை நீ எடுக்காதே. ஒரு வாரமோ ஒரு மாதமோ, அவராகவே சொல்வார். இருமிக்கொண்டு, ஏலக்காய், மழை என்று சுற்றி வளைத்துத்தான் வருவார், அவசரப்படுத்தாதே. அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன், ஜீப் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். நீ நல்ல உடம்போடும் நல்ல மனுஷர்கள் துணையோடும் இருக்க வேண்டும், படிப்பு நினைத்தபடி முடிய வேண்டும், உனக்கு எந்தக் குறையும் வராது. ஏலக்காயை ஈரமில்லாத டப்பாவில் போட்டு இறுக மூடி வை, மறந்துவிடாதே. அவர் சொல்லும்போது முதல் தடவை கேட்பது போலவே கேள். அழாதே, நன்றாகத் திட்டு. திட்டாமல் விட்டால் உனக்கு முன்பே தெரியும் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அன்புடன்,
உன் அம்மா,
அருணா.