வேறொரு கொற்றியை மறித்த வட்டம்

மழை பொய்யாத மலையும், வாய்க்கால் வறளாத வயலும் உடைய கொன்றைநாட்டை ஏழ்வாயில் நகரில் வீற்றிருந்து ஆண்டருளும் செங்காந்தள் தேவியாரின் திருவாணைப்படி, அவர்தம் தலைமை அமைச்சன் அறவாழி, கடல் கடந்த பவழத்துறையில் வணிகர் பெருங்குழுவின் தலைவராய் விளங்கும் பெருவணிகர் வில்வநாதருக்கு எழுதும் ஓலை. உமது மரக்கலங்கள் கரை காண்க. உமது பண்டசாலையில் எலி குறைக. உமது கணக்கர்க்குக் கண்ணொளி பெருகுக. இம்மூன்றாம் வாழ்த்தை மற்ற இரண்டினும் அழுத்தமாகவே வேண்டிக்கொள்கிறோம்.

உமது ஓலை வந்து சேர்ந்தது. நிகழ்ந்தது சிறியதொரு பெயர்ப்பிழை என்றும், அதற்காக ஓர் அரசு இத்துணை ஆரவாரம் செய்வது தகாது என்றும் அதில் கண்டோம். நிகழ்ந்ததை நீர் முழுமையாக உணரவில்லை போலும். ஆதலின் யாமே உரைக்கிறோம், பொறுமையாகக் கேட்பீராக.

ஏழ்வாயிலில் பிறந்து, கயிறு திரித்து விற்று வாழும் கொற்றி என்பவள் உமது குழுவிடம் ஐம்பது கழஞ்சு பொன் கடன் பெற்றாள். நெடிய உடலினள், இடக் கன்னத்தில் மச்சம் உடையவள் என்று அவள் எழுதித் தந்த கடனோலையே கூறுகிறது. தவணை கடந்தும் பொன் வராமையால், உமது தண்டலாளர் சேந்தன் கார்காலத் தொடக்கத்தில் எம் நகருக்கு வந்து, சந்தையில் நின்று, கொற்றி யார் என்று வினவினார். பச்சிலை மூட்டையோடு விரைந்து போய்க்கொண்டிருந்த ஒருத்தியைச் சந்தையார் காட்டினர். அவளும் கொற்றிதான். ஆனால் அவள் மருத்துவச்சி. இந்நகரில் பாதிப்பேர் அவள் கையில்தான் மண்ணுக்கு வந்தனர். மீதிப்பேர் அவளுடைய தாயின் கையில். இவ்வோலை எழுதும் அமைச்சனும் அம்மீதியில் ஒருவன்.

எம் நாட்டு வழக்கம் நீர் அறிந்ததே. கடனோலை உடையவர், கடன்பட்டவரைச் சுற்றித் தேவியார்மேல் ஆணையிட்டு வட்டம் வரையலாம். பொன் கொடுபடும் வரை, அல்லது வரைந்தவரே அதனை அழிக்கும் வரை, உள்ளிருப்பவர் வெளியே கால் வைத்தல் ஆகாது. வைத்தால் காவலர் அவரைச் சிறைக்கு இட்டுச் செல்வர். சேந்தன் சுண்ணப்பொடியால் மருத்துவச்சியைச் சுற்றி வட்டம் வரைந்தார்.

நீர் தேடும் கொற்றி நான் அல்லேன் என்று அவள் சொன்னாள். ஓலையைப் படிக்கச் சொல்லித் தன் இடக் கன்னத்தைக் காட்டினாள். பச்சிலை அறிந்தவர்க்கு மச்சத்தைப் போக்குவது அரிதன்று என்று சேந்தன் விடையிறுத்தார். அவளோ குள்ளம், அதனையும் சந்தையார் எடுத்துக் காட்டினர். கடன் மனிதரைக் கூனச் செய்யும் என்றார் அவர். இவ்விரு விடைகளும் உமது குழுவினர் தண்டலாளர்க்கு மனப்பாடம் செய்விப்பவை என்று பின்னர் அறிந்து வியந்தோம். மச்சம் இல்லாதவரும் தப்ப முடியாது, மச்சம் உள்ளவரும் தப்ப முடியாது என்னும் இத்தகைய வலையை மீனவரும் இன்னும் பின்னவில்லை.

அவள் விரைந்தது குயவர் தெருவுக்கு. அங்கே உப்பு வண்டிக்காரன் போதனின் மனைவி வெண்ணி, தலைப்பிள்ளைக்கு முதல்நாள் முதல் நொந்துகொண்டிருந்தாள். பிள்ளை கால் முன்னாகத் திரும்பியிருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த போதன், சேந்தனின் காலில் விழுந்து, தன் இரண்டு எருதுகளையும் ஈடாகக் கொள்ளுமாறு இரந்தான். எருது பெற எனக்கு அதிகாரம் இல்லை என்றார் சேந்தன். என் கையில் கயிறு கட்டி உடன் வாரும், பிள்ளை பிறந்ததும் இங்கேயே இழுத்து வந்து நிறுத்திக்கொள்ளும் என்று கொற்றி வேண்டினாள். வட்டம் நடக்காது என்றார் அவர். அவர் கொடியவர் அல்லர், பெருவணிகரே. உம்மை அஞ்சினார், அவ்வளவே.

தாண்டி வா, தாண்டி வா என்று சந்தை முழுதும் கூவிற்று. கொற்றி காலைத் தூக்கினாள். வேலோடு நின்ற காவலரைப் பார்த்து, மீண்டும் உள்ளேயே வைத்தாள்.

"நான் தாண்டினால் இவர்கள் என்னைச் சிறைக்குக் கொண்டுபோவார்கள், வெண்ணியிடம் விடமாட்டார்கள். அவளை இங்கே தூக்கி வாருங்கள். வண்டி வேண்டாம், குலுங்கும். கட்டிலோடு தூக்குங்கள்" என்றாள்.

தூக்கி வந்து வட்டத்துக்குள் கிடத்தினர். மீன் விற்பவரும் பூ விற்பவரும் தம் மேலாடைகளை அவிழ்த்துச் சுற்றிலும் திரை பிடித்தனர். தூறல் வந்து சுண்ணத்தைக் கரைத்தது. சேந்தன் திரைக்கு வெளியே குனிந்து குனிந்து, கரைந்த இடத்தில் மீண்டும் பொடி தூவினார். வட்டத்துக்குள் புகுபவர் எவரும் கடனுக்குப் பிணையாவர் என்னும் உமது குழுவின் விதி அவர் நினைவில் இருந்தமையால், வெண்ணியின் பெயரையும் ஓலையில் பொறித்துக்கொண்டார்.

பிள்ளை பிறந்தது, அழவில்லை. நீலம் பாரித்திருந்த அதன் வாயில் கொற்றி தன் வாயை வைத்து ஊதினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், மீண்டும் ஊதினாள். அதன்பின் பிள்ளை அழுதது. திரையை விலக்கிக்கொண்டு, முழங்கை வரை குருதியோடு வெளிப்பட்ட கொற்றி, எழுத்தாணியோடு நின்ற சேந்தனைக் கண்டாள்.

"எழுதுகிறீரா? பெண் பிள்ளை. எழுதிக்கொள்ளும்" என்றாள்.

சேந்தன் எழுதவில்லை. எழுத்தாணியைக் கீழே போட்டார். தாம் வரைந்த வட்டத்தைத் தம் காலாலேயே தேய்த்து அழித்தார். பிறகு சேற்றிலேயே அமர்ந்து அழுதார். போதனின் தாய் கஞ்சிக் கலத்தைத் தாமே பிடித்துக்கொண்டு கொற்றியைக் குடிக்கச் செய்தார். யாம் செய்தி கேட்டுச் சந்தைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அமைச்சர்கள் வந்து சேரும் நேரம் பெரும்பாலும் அதுவே.

இவை அனைத்தையும் சேந்தன் ஒளிக்காமல் உமக்கு எழுதினார். நீர் எமக்கு எழுதிய மறுமொழியோ இது: வட்டத்தை அழித்தவர் சேந்தன் ஆதலின் கடன் இனி அவருடையதாம்; அவரைக் கட்டி அனுப்புதல் வேண்டுமாம். வெண்ணியின் பெயரைப் பிணையிலிருந்து நீக்கப் போதன் கட்டணம் செலுத்த வேண்டுமாம். பிள்ளை வட்டத்துக்குள் வெளியிலிருந்து புகாமல் உள்ளேயே தோன்றியமையால், அது பிணையா, அன்றிக் குழுவின் உடைமையா என்பது ஆராயப்படுமாம். அவ்விடம் வரும்வரை தேவியார் நகைத்துக்கொண்டுதான் கேட்டருளினார். அதன்பின் நகைக்கவில்லை.

இனி உம் கணக்கர் உமக்கு உரைக்காத செய்தி ஒன்று. நீர் தேடிய கொற்றி உமது மாளிகைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறாள். உமது மரக்கலங்கள் துறையில் நிற்பது அவள் திரித்த வடத்தால். கயிறு விற்ற பொன் கைக்கு வந்ததும், முதலும் வட்டியுமாக எடுத்துக்கொண்டு உமது பண்டசாலைக்குச் சென்றாள். கொற்றி ஏழ்வாயிலில் மறிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கில் உள்ளது, ஆகவே நீ கொற்றி அல்லை, அறியாதார் பொன்னை யாம் வாங்குவதில்லை என்று உம் கணக்கர் அவளைத் திருப்பி அனுப்பினர். மறுநாளும் போனாள். கன்னத்து மச்சத்தைக் காட்டினாள். மையால் மச்சம் வரைவது எளிது என்றனர். மனம் வெதும்பிய அவள், தோணி ஏறி எம் அவைக்கே வந்து, பொன்னை வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

பொன்னை நிறுத்துப் பெற்றோம். அவள் முதன்முதல் உம் வாயிலுக்கு வந்த நாளிலேயே கடன் தீர்ந்தது என்று தேவியார் தீர்ப்பளித்து, அவளுக்கு முறி எழுதிக் கொடுத்தருளினார். சேந்தன் உம்மிடம் அனுப்பப்படார். அவர் எம் சந்தையிலேயே, எழுத்தறியாதார்க்கு ஓலை படித்துச் சொல்லிப் பிழைக்கிறார்; இப்போதெல்லாம் கடைசி வரி வரை படிக்கிறார். போதன் கட்டணம் எதுவும் செலுத்தான். பிள்ளை நலமாக இருக்கிறது. அது யாருடைய உடைமை என்பதை ஆராய விரும்பினால், அதன் பாட்டியாரிடம் நேரில் வந்து வினவுக. கொன்றைநாட்டு எல்லைக்குள் வட்டம் வரையும் உரிமை உமது குழுவுக்கு இன்றோடு இல்லை.

உமது பொன்னை நீரே வந்து பெற்றுக்கொள்ளலாம். முதலில் சந்தையில் நின்று மருத்துவச்சி கொற்றியிடம் பிழை பொறுக்க வேண்டுக. அவள் ஒப்பிய பின்னரே கருவூலம் திறக்கும். வில்வநாதர் என்னும் பெயருடையார் எம் நகரிலும் உளர். ஒருவர் குதிரைக்கு லாடம் அடிக்கிறார். ஒருவர் கோயிற்குளத்தில் பாசி வாருகிறார். பெயரை மட்டும் கேட்டுப் பொன்னை வேற்றுக் கையில் கொடுக்கும் சிறுபிழையை யாம் செய்ய விரும்பவில்லை. ஆகவே, நீர் நீரே என்று உரைக்கத்தக்க ஒருவரை, உம்மிடம் கடன்படாதவராகவும் கூலி பெறாதவராகவும் தேர்ந்து, உடன் அழைத்து வருக. பவழத்துறையில் அத்தகைய ஒருவர் கிடைக்கும் வரை பொன் எம்மிடம் இருக்கும். அதற்கு வட்டி இல்லை.

தேவியார் செவிசாய்க்க முழுதும் வாசிக்கப்பட்டு, அவர் திருக்கையால் கொன்றைப்பூ இலச்சினை பொறிக்கப்பட்டது. எழுதினேன் அறவாழி. இவ்வாறே செய்க, இது ஆணை.