இரண்டு நீலப் பைகள்

அன்புள்ள அம்மாவுக்கு டெலாலி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் பிராசவில்லுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு எல்லோருக்கும் எடுத்த நீலத் துணியில், மீந்ததை எனக்கும் எடெம் சித்தப்பாவுக்கும் ஒரே மாதிரி பையாகத் தைத்துக் கொடுத்தீர்களே, அதுதான் வம்பாகிவிட்டது. என்னோடு விமானத்தில் வந்த சித்தப்பா துவாலாவில் இறங்கும்போது என் பையை எடுத்துப் போய்விட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்து லிப்ரவில்லில் விமானம் நின்றதும் போலீஸ்காரர்கள் ஏறி, அவரவர் பையைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். நீலப் பையைத் தொட்டேன். திறந்தால் ஆண் செருப்பும் வெள்ளைப் பொடிப் பொட்டலமும்!

"இம்மாம் பெரிய செருப்பு உன்னுதாம்மா? பொடி யாரு குடுத்தது?"

கீழே இறக்கிவிட்டார்கள். விமானம் போய்விடும், நான் இங்கேயே சிறையில் கிடப்பேன் என்றே நினைத்துவிட்டேன். கடைசியில் பெரிய அதிகாரி வந்து பொடியை நக்கிப் பார்த்தார்.

"மரவள்ளி மாவுடா, மடையா! பொண்ண ஏறச் சொல்லு."

சிரிக்காதீர்கள்.

மற்றபடி சௌக்கியம். வேலைக்கு நேரமாகிறது, முடிக்கிறேன். சித்தப்பா விலாசம் என்னிடம் இல்லை, நீங்களே உடனே எழுதிப் போடுங்கள். என் பையில் அப்பாவின் சட்டை இருக்கிறது. அதைத் துவைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டெலாலி