பகுதி மூன்று மட்டும்

செப். 3, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் பேருந்து இருபது நிமிடம் நின்றது. அலுவலகத்துக்குத் தாமதம். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான்தான்.

இன்று:
– ரப்பர் தோட்டத்துப் பெட்டிகளுக்குச் சீனிப்பாகு. பூ இல்லாத மாதம், தேனீக்கும் ரேஷன்.
– ஈரப்பதம் இருபது விழுக்காட்டுக்கு மேல் போன தேன் ஆறு டின், திருப்பி அனுப்ப.
– லேபிள் அச்சகத்தோடு சண்டை. (முடிந்தது. தோல்வி.)
– விண்ணப்பம்.

இந்தத் தேன் கம்பெனியில் ஒன்பது வருடம். கொள்முதல், தரம், புட்டி, ஏற்றுமதிக் காகிதம், எல்லாம் என் தலையில். பதவி மேற்பார்வையாளர். மேலாளர் நாற்காலி காலி. போன மாதம் அதைக் கேட்டேன். முதலாளி (இனி மு.) உண்மையிலேயே வருத்தப்பட்டார். "தர மனசில்லாம இல்ல பியூலா. ரூல் உள்ளதுல்லா. எம்.பி.ஏ. இல்லாத ஆளை எப்பிடிப் போட?"

அந்த விதியை எழுதியது நான்.

இரண்டு வருடம் முன்பு வெளிநாட்டுக் கொள்முதல்காரர், எந்தப் பதவிக்கு என்ன தகுதி என்று பட்டியல் கேட்டார். மு. என்னிடம் தள்ளினார். இணையத்தில் கிடைத்ததைப் பார்த்து அடித்தேன்: "மேலாளர் – எம்.பி.ஏ. கட்டாயம்." பார்க்க லட்சணமாக இருந்தது. மேலாளர் என்று ஒருவர் அப்போது கிடையாது. மு. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் வாசிப்பதில்லை. கண்ணாடியைக் கூடக் கையெழுத்து முடிந்த பிறகுதான் மாட்டுவார்.

ஆக எம்.பி.ஏ. திருவனந்தபுரத்தில் ஓரிடத்தில் சனி, ஞாயிறு வகுப்பு. சேர அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 13, மாலை ஐந்து. "நீ சேரு, படிச்சு முடிக்கது வரைக்கும் நாற்காலி சும்மாத்தான் கெடக்கும்" என்று மு. வாக்குத் தந்திருக்கிறார்.

டின் திருப்பியபோது, தேன் கொண்டுவந்த பெட்டிக்காரர் கெஞ்சினார். "பிள்ளே, இருபதுக்கு மேல காலு தானே காட்டுகு? மழைக்காலம்லா."

"இருபதுண்ணா இருபது அண்ணாச்சி. ரூல் உள்ளது."

என் வாய்தான் சொன்னது.

செப். 4, வியாழன்

மழை நின்று புழுக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பத்தைத் திறந்தேன்.

தகுதி: பட்டப்படிப்பில் குறைந்தது 50 விழுக்காடு. எனக்கு ஐம்பத்தைந்து. பதினொரு வருடமாக எல்லாரிடமும் சொல்லும் கணக்கு. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னது, இங்கே வேலைக்குச் சேரும்போது சொன்னது. ஐம்பத்தைந்து என்றே நிரப்பிவிட்டுச் சும்மா கீழே வாசித்தேன். பொடி எழுத்து. "எல்லாப் பாடங்களும், எல்லா ஆண்டுகளும் சேர்த்து."

நம் ஊரில் யார் அப்படிக் கூட்டுகிறார்கள்? மதிப்பெண் பட்டியலில் மூன்று பகுதி. ஒன்று மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்று மேஜர். "எவ்வளவு?" என்று கேட்டால் மேஜர் மார்க்கைத்தான் சொல்வோம். மற்ற இரண்டும் கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு.

உட்கார்ந்து கூட்டினேன்.

பகுதி ஒன்று, மலையாளம்: 400க்கு 162
பகுதி இரண்டு, ஆங்கிலம்: 400க்கு 167
பகுதி மூன்று, வணிகவியல்: 1500க்கு 820
மொத்தம்: 2300க்கு 1149

49.96.

ஐம்பதுக்கு வேண்டியது 1150. மூன்று முறை கூட்டியும் 1149. அடுத்த பொடி எழுத்து: "தசமத்தை முழு எண்ணாக உயர்த்திக் கணக்கிடக் கூடாது." என்னை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

மொழிப்பாடமாக மலையாளம் எடுத்ததற்குக் காரணம்: தமிழை நானே வாசித்துக்கொள்வேன், மலையாளத்தை யாராவது சொல்லித்தந்தால்தான் உண்டு என்று நினைத்தேன். பதினெட்டு வயதில் அறிவுத்தாகம். தண்டனை முப்பத்திரண்டில்.

49.96ஐப் போட்டுப் பார்த்தேன். சிவப்புக் கட்டம். "நீங்கள் தகுதியற்றவர்." மரியாதைப் பன்மை வேறு.

செப். 5, வெள்ளி

ஓணம். மாவட்டத்துக்கு விடுமுறை. கல்லூரியும் பூட்டு. பக்கத்து வீட்டிலிருந்து அடைப் பிரதமன் பாயசம் வந்தது. கோபத்தோடு மூன்று கிண்ணம்.

மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் போன். எல்லாம் சொன்னேன்.

"ஒரு மார்க்குதானே. கேட்டா தரமாட்டானுவளா?"

"யாரிட்ட கேக்க?"

"அந்தப் பரீட்சைக்காரன்ட்ட."

"பரீட்சைக்காரன் ஒரு வெப்சைட்."

"நீ தேன்ல காலு பெர்சன்ட் கூடுனாலே திருப்பி விடுவியே மக்கா" என்றார். சிரித்தார். வைத்துவிட்டேன்.

செப். 8, திங்கள்

வெயில். அரை நாள் விடுப்பு, படித்த கல்லூரிக்கு. அலுவலக அறையில் அதே பச்சை மேசை, அதே தலைமை எழுத்தர், கிறிஸ்துதாஸ் சார். முடி மட்டும் இல்லை.

"லாங்குவேஜ் மார்க்கையும் சேத்துக் கூட்டியா? ஒன்ன யாரு மோளே கூட்டச் சொன்னா?"

"விதி சார்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு விதியை என் போனில் முழுதும் வாசித்தார். வாசிக்கும் மனிதரைப் பார்த்து நாளாயிற்று. கடைசி வரியில் விரலை வைத்தார்: "விழுக்காடு, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் நடைமுறைப்படி கணக்கிடப்படும்."

மேலே எல்லாப் பாடமும். கீழே பல்கலைக்கழக நடைமுறை. ஒரே அறிவிப்பு. எழுதியவர் இரண்டு பேர் போல, இருவரும் பேசிக்கொள்வதில்லை போல.

"நம்ம நடைமுறை மேஜர்தான். ஆனா நான் வாயால சொன்னா எடுப்பானுவளா? அச்சுல உள்ளத காட்டணும். ஒன் மார்க் லிஸ்டுக்குப் பின்னால இருக்கும், பாரு."

"பின்னால ஒண்ணும் இல்லையே சார்."

என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் பட்டச் சான்றிதழ். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து அப்பா லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். ஈரம் படக் கூடாது, கசங்கக் கூடாது, காலத்துக்கும் நிற்க வேண்டும். நம் வீடுகளில் சான்றிதழுக்குச் செய்யும் அபிஷேகம்.

"எல்லா அப்பாமாரும் இதத்தான் செய்யாவ" என்றார் சார். "விதிய உள்ள வச்சு மூடிடுவாவ."

பல்கலைக்கழகத்தில் நகல் கேட்கலாமாம். ஆறு வாரம். எனக்கு இருப்பது ஐந்து நாள்.

செப். 9, செவ்வாய்

மறுபடி மழை. லேபிள் பிரிவுத் தங்கம் அக்காவிடம் லேமினேஷன் அட்டையைக் காட்டினேன். ஒட்டிய லேபிளைக் கிழியாமல் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"இது கிழிஞ்சா என்ன ஆவும்?"

"நான் பட்டதாரி இல்லாம ஆவேன்."

"இப்பம் மட்டும் ஆயி என்ன கண்டே" என்று பிளேடை எடுத்தார்.

ஒரு மணி நேரம். முடி காய வைக்கும் கருவியால் சூடு காட்டி, ஓரம் கீறி, நெகிழித் தாளை உரித்து உரித்து. நான் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே நெடுஞ்சாலையில் நிற்கும் லாரிகளை எண்ணினேன். பதினேழு.

பட்டச் சான்றிதழின் ஒரு மூலை போயிற்று. என் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. மதிப்பெண் பட்டியல் முழுசு. முதுகில் பதினொரு வருடம் வெளிச்சம் காணாத எழுத்து. நான்காவது குறிப்பு: "வகுப்பும் விழுக்காடும் பகுதி மூன்றின் அடிப்படையில் மட்டுமே நிர்ணயிக்கப்படும்."

மட்டுமே. இந்தச் சொல்லை முத்தமிடலாம்.

"என்னட்டி எழுதியிருக்கு?" என்றார் தங்கம் அக்கா.

"நான் அம்பத்தஞ்சுதாண்ணு."

"அதத்தானே நீ எப்பவும் சொல்லிட்டுக் கெடந்த?"

ஆமாம். அதற்குத்தான் ஐந்து நாள் தூக்கமில்லை.

செப். 10, புதன்

கல்லூரி. முதல்வர் கடிதம் வேண்டும். கிறிஸ்துதாஸ் சார்: "நீயே அடிச்சுக் கொண்டு வா. குறிப்பு நாலுல உள்ளது மட்டும், ஒரு வரி கூடக் கூடாது." வாசலில் உள்ள கடையில் அடித்தேன். சார் குறிப்போடு சொல் சொல்லாக ஒத்துப் பார்த்தார். ஓரிடத்தில் "மட்டுமே" விட்டுப்போயிருந்தது, திருப்பி அனுப்பினார். கோபம் வரவில்லை. முதல்வர் கையெழுத்து, முத்திரை.

வாழ்க்கையில் நான் அடித்த இரண்டாவது விதி.

செப். 11, வியாழன்

மேகமூட்டம். காலை 10.40க்கு விண்ணப்பம் அனுப்பினேன். விழுக்காடு 54.67. கடிதம் இணைப்பு. பச்சைக் கட்டம். தங்கம் அக்காவுக்குப் பழம்பொரி, இரண்டு.

11.30. மு.வின் மகன் அஜின் கூப்பிட்டான். வயது இருபத்தைந்து. எம்.பி.ஏ. உண்டு, நுழைவுத்தேர்வு இல்லாமல், நிர்வாக ஒதுக்கீட்டில். அந்த விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். அவனுடைய மேஜர் மார்க்கே எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். இப்போது நிர்வாக இயக்குநர்.

"அக்கா, மேனேஜர் போஸ்டுக்கு விளம்பரம் குடுக்கணும். ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல."

"மொதலாளி காத்திருக்கலாம்ணு சொன்னாரே."

"ரெண்டு வருஷமா? கம்பெனி நடக்கண்டாமா? நீங்க டிராஃப்ட் மட்டும் போட்டுத் தாங்க. நீங்கதான் நல்லா எழுதுவிய."

மு. பக்கத்து நாற்காலியில். என்னைப் பார்க்கவில்லை. சாயாவில் ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "தகுதி பழையபடியே போடு பியூலா" என்றார். "அது சரியாட்டுத்தான் இருக்கு."

ஒன்பது வருடம் யார் நடத்தினார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன். இவர்கள் முன்னால் அது நடக்காது.

வரும் வழியில் குடையைப் பேருந்தில் விட்டேன்.

செப். 12, வெள்ளி

நல்ல மழை. குடை இல்லை.

விளம்பரம் அடித்தேன். கம்பெனி விதிப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய திருத்தத் தாளும். மாதிரிக்கு நுழைவுத்தேர்வு அறிவிப்பையே வைத்துக்கொண்டேன். அதில் ஒரு நல்ல வழக்கம், இறுதியாண்டு படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாமாம். படித்து முடிக்காதவர்களை அவர்கள் நம்புகிறார்கள்.

மேலாளர் – தகுதி:
1. எம்.பி.ஏ. பட்டம், அல்லது அதற்கான நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பித்திருத்தல்.
2. தேன் கொள்முதலிலும் தரச் சோதனையிலும் ஒன்பது ஆண்டுக்குக் குறையாத அனுபவம். கட்டாயம்.
3. தசமத்தை முழு எண்ணாக உயர்த்திக் கணக்கிடக் கூடாது.

மூன்றாவதுக்குக் காரணம் கிடையாது. ஆசை.

மு.விடம் கொண்டுபோனேன். அஜின் நாகர்கோவில் போயிருந்தான். மு. பேனா மூடியைக் கழற்றினார்.

"சார், பழையது இல்ல. மாத்தியிருக்கேன். வாசிச்சிட்டுப் போடுங்க."

"நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"பின்ன என்ன."

இரண்டு தாளிலும் போட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதி சரியா என்று பார்த்தார். சரி.

நகல் மூன்று எடுத்தேன். லேமினேஷன் செய்யவில்லை.